வானவில் வரிசை

இராமநாதபுரம் சீமையின் சுற்றுலா வரலாற்றை எழுதப்போகும் அறிஞர்கள் பூமயிலின் இடுப்பு வலியிலிருந்து தொடங்குவதே முறை. மிளகாய்க் காட்டில் ஒன்பது நாளாகக் குனிந்த இடுப்பு அது. அன்று விடியுமுன் அந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, ஊர்க் குழாயடியில் முதல் ஆளாகத் தன் இரண்டு சிவப்புக் குடங்களை வைத்தாள்.

சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே உள்ள அந்தக் கிராமத்தில் நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். வீட்டுக்கு இரண்டு குடம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம், எவரும் தொடமாட்டார்கள். வீட்டில் மகள் மாரிச்செல்வி பிள்ளை பெற்று ஆறாம் நாள். கொதிக்கவைத்துக் கொடுக்க ஒரு சொம்புத் தண்ணீர்தான் மிச்சம். புருஷன் சின்னக்கருப்பனைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு அவள் மிளகாய் பறிக்கப் போனாள்.

ஒன்பது மணிக்கு மதுரையிலிருந்து நாகரிகம் வந்தது, ஏசி வேனில். பதினெட்டுப் பேர். ‘ஒரு நாள் வண்ணக் கிராம அனுபவம்’ என்று வண்டியில் எழுதியிருந்தது. போன மாதம் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் இலவசமாக வண்ணம் அடித்தவர்கள் இவர்கள்தான். பூமயில் வீட்டுச் சுவருக்கு ஒரு அருவி கிடைத்தது.

தலைவர் ராமசுப்பிரமணியன் ஒரு ‘அனுபவ வடிவமைப்பாளர்’. குழாயடியில் நாற்பது பிளாஸ்டிக் குடங்களைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வண்ணம் இருந்தும் ஒழுங்கில்லையே என்ற துக்கம். வானவில் வரிசையில் அடுக்குவதென்று தீர்மானமாயிற்று. குழாய்ப் பக்கம் ஊதாவா, சிவப்பா என்பதில் கருத்து வேறுபாடு எழவே, வேப்பமரத்தடியில் அவசரக் கூட்டம் கூட்டி வாக்கெடுத்தார்கள். பதினொன்றுக்கு ஏழு; ஊதா வென்றது. ஊர்க்காரர்களுக்கு வாக்கில்லை என்றாலும் குடம் தூக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது. சின்னக்கருப்பனுக்கு ‘உள்ளூர்ப் பங்கேற்பாளர்’ என்ற பட்டமும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். தன் குடத்தைத் தானே முன்னால் வைப்பது மரியாதையில்லை என்று, அவன் அவற்றைச் சிவப்புக்கும் கடைசியில் கொண்டுபோய் வைத்தான்.

பத்து மணிக்குக் குழாய் இருமியது. பெண்கள் காட்டிலிருந்து ஓடிவந்தார்கள். பூமயில் நின்ற முதலிடத்தில் இப்போது பாண்டியம்மாளின் ஊதாக் குடம் நின்றது. பாண்டியம்மாள் மிளகாய்க் காட்டின் சொந்தக்காரி. எட்டு மணிக்கு மேல் வந்து கடைசியில் வைத்தவள்.

"வரிசையக் கலைச்சது யாருய்யா?" என்றாள் பூமயில்.

"கலைக்கலைம்மா," என்றார் ராமசுப்பிரமணியன் பொறுமையாக. "அடுக்கியிருக்கோம்."

சின்னக்கருப்பன் தொப்பியைக் கழற்றினான். "நல்லவுகளாத்தான் தெரிஞ்சாக" என்று முனகினான்.

"அக்கா, எங்கொடம் கோழி கூப்புடயில வந்து நின்னுச்சு. வீட்ல பிள்ள பெத்தவ கெடக்கா," என்றாள் பூமயில் பாண்டியம்மாளிடம்.

பாண்டியம்மாள் அதற்குள் குடத்தைக் குழாயடியில் தள்ளியிருந்தாள். "கொடம் எங்கன நிக்கிதோ அங்கனதான் ஆளு. வழக்கத்த நானா மாத்துனேன்?"

நாளைக்கும் பாண்டியம்மாளின் காட்டில்தான் குனிந்தாக வேண்டும். பூமயில் அந்தப் பேச்சை விழுங்கிவிட்டு ராமசுப்பிரமணியனிடம் திரும்பினாள். மாற்றி வைத்த கையாலேயே எடுத்து முன்னால் வைக்கச் சொன்னாள்.

"உள்ளூர் விஷயத்துல நாங்க தலையிடுறதில்லைம்மா. அது எங்க கொள்கை."

கொள்கையில் இரும்பு போன்ற மனிதர். வேன் கூரைமேல் ஏறி நின்று, ஊதா நகர, நீலம் நகர, பச்சை நகர, எல்லாவற்றையும் படமெடுத்தார். முப்பத்தெட்டாவது குடம் நிறைந்ததும் குழாய் நின்றது. மற்றப் பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பூமயிலின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். நாலு நாளைக்கு அவரவர் வீட்டு வாய்க்கே அது காணாது.

வேன் கிளம்பியபோது பூமயில் குறுக்கே போய் நின்றாள். ராமசுப்பிரமணியன் புரிந்துகொண்டார். ஜன்னல் வழியாக அவளுக்கும் ஒரு தொப்பி நீட்டினார்.

"தொப்பி வேணாம்யா. ரெண்டு கொடம் தண்ணி குடுத்துட்டுப் போங்க."

வேனுக்குள் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. அவை பயணிகளுக்கென்று எண்ணி எடுத்துவந்தவை என்பதை அவர் உண்மையான வருத்தத்தோடு விளக்கினார். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, அவளைச் சுற்றி ஓட்டிப் போனார்.

படங்கள் அன்று மாலையே வெளிவந்தன, மதுரையே பாராட்டியது. படத்தில் கடைசியாக நிற்கும் சிவப்புக் குடங்கள் இரண்டும் காலி. ஆறு நாள் பிள்ளைக்காரிக்கு அந்தப் பதினெட்டுப் பேர் இன்னும் இரண்டு குடம் தண்ணீர் பாக்கி.