இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ் கண்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக நினைவில் வைக்க வேண்டியது, மரக்காணம் உப்பள முதலாளி கன்னியப்பன் வீட்டுக் கூடத்தில் ‘மானிட்டர் தேர்வுக் குழு’ கூடிய அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

குழுவின் நோக்கம் உன்னதமானது. முதலாளியின் மகன் சித்தார்த்தன் கம்ப்யூட்டர் விளையாட்டில் நாள் தவறாமல் சுட்டு வீழ்த்தப்பட்டு வந்தான். பிழை அவனுடையதல்ல. பழைய மானிட்டர் நொடிக்கு அறுபது முறைதான் படம் மாற்றியது. இருநூற்று நாற்பது முறை மாற்றுவது வந்துவிட்டால் எதிரிகள் ஒழிவார்கள்.

புதுச்சேரிக் கடைக்காரர் புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினார். இரண்டிலும் ஒரே கார் ஓடியது.

“வித்தியாசம் தெரியுதுங்களா? எனக்குப் பளிச்சுன்னு தெரியுது.”

கன்னியப்பன் கண்ணைச் சுருக்கினார். தெரியவில்லை என்று சொல்ல அவர் என்ன கூலியாளா?

“அடேங்கப்பா, புதுசு வெண்ணெ மாதிரி வழுக்குது.”

முதலாளிக்குத் தெரிவதெல்லாம் தனக்கும் தெரியும் என்ற கொள்கையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் கணக்குப்பிள்ளை வெங்கடாசலம். “பழசுல காரு நொண்டுதுங்க. புதுசுல காத்தடிக்கிறதே தெரியுது.”

“வேற லெவல்பா,” என்றான் சித்தார்த்தன்.

ஆனாலும் கன்னியப்பன் நடைமுறை தவறாதவர். அம்சவள்ளியைக் கூப்பிட்டனுப்பினார். வரப்பில் நின்றபடியே எந்தப் பாத்தியில் உப்பு வாரும் பதம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடும் கண் அவளுடையது. கழுத்தெலும்பு தேய்ந்து, இனித் தலைச்சுமை கூடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தப் ‘பார்வை வேலை’தான் அவளுக்குச் சோறு போட்டது.

சேற்றுக்காலோடு கூடத்து வாசலிலேயே நின்றாள். பழையதைப் பார்த்தாள். புதியதைப் பார்த்தாள். மறுபடியும் பழையதைப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணாத்தாங்க ஓடுது.”

“நல்லா பாரும்மா,” என்றார் வெங்கடாசலம். “முதலாளிக்கே தெரியுது.”

“அவருக்குத் தெரிஞ்சா சந்தோஷங்க. எனக்கு ஒண்ணாத்தான் இருக்குது.”

கன்னியப்பன் உண்மையாகவே வருந்தினார். “நாலு பேருக்குத் தெரியறது உனக்கு மட்டும் தெரியலன்னா என்னம்மா அர்த்தம்? கண்ணு போயிடுச்சு. இத்தினி வருஷம் உப்பு வெயில்ல நின்னா போவாம இருக்குமா?”

குழு இரண்டு தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒன்று, மானிட்டர் வாங்கப்படுகிறது. இரண்டு, பழுதான கண்ணிடம் அளத்தை ஒப்படைப்பது பொறுப்பற்ற செயல் என்பதால், பார்வை வேலையை வெங்கடாசலம் ஏற்கிறார். அம்சவள்ளி நாளை முதல் கூடை சுமக்கிறாள்.

மூன்று வாரம் சுமந்தாள். நான்காவது வாரம், கழுத்து மரத்துப்போய் முதலாளி வீட்டு ஜன்னலோரம் கூடையை இறக்கியவள், உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, இன்னிக்குத்தான் காரு தண்ணி மாதிரி போவுது?”

சித்தார்த்தன் சட்டெனத் திரும்பிப் பார்த்தான். புது மானிட்டரிலும் சுடப்பட்டுக்கொண்டே இருந்தவன், பத்து நிமிடத்துக்கு முன்புதான் கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்திருந்தான். செட்டிங்ஸில் போய் நாம்தான் இருநூற்று நாற்பதுக்கு மாற்ற வேண்டுமாம். அதுவரை புதியதும் அறுபதிலேயே ஓடுமாம். அப்போதுதான் மாற்றிவிட்டு, அன்றைய அதே காரை ஓடவிட்டிருந்தான்.

பையன் கெட்டவனல்ல. நேராக அப்பாவிடம் ஓடினான்.

“அப்பா, இத்தினி நாளா இதுவும் அறுபதுலதான் ஓடியிருக்குது. அன்னிக்கு அம்சாக்கா சொன்னதுதான் கரெக்ட்டு. அவங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது.”

கன்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். அவசரப்பட்டு முடிவெடுக்கிறவர் அல்ல அவர்.

“சரிடா. அவ கண்ணு நல்லாருக்குதுன்னா, அன்னிக்கு வெண்ணெ மாதிரி வழுக்குதுன்னு சொன்ன எங்க கண்ண என்ன பண்றது?”

நியாயமான கேள்வி. வெங்கடாசலமும் தலையாட்டினார். தீர்மானத்தில் மாற்றமில்லை. நான்கு பெரிய மனிதர்களின் பார்வை அன்று காப்பாற்றப்பட்டது. அதற்கு ஆன செலவு, ஒரே ஒரு கழுத்து.