முட்டுவலி அக்கா

பொன்முடி மலையில் அவளைப் போல் பொய் சொன்னவள் வேறு யாரும் கிடையாது. ஒரே பொய்தான்: முட்டு வலி. அதையே சாகும்வரை சொன்னாள். இட்ட பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவள் முட்டுவலி அக்கா.

திங்கள் முதல் சனி வரை தேயிலைச் சரிவில் ஆடு மாதிரி ஏறுவாள். ஞாயிறு சர்ச் வாசலை மிதித்ததும் முட்டு மடங்காது. எழுபதுகளில் எங்கள் சர்ச்சில் முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். பெஞ்சு, ஆபீஸில் கணக்கெழுதுகிற மேல்சாதிக்கு. பாய், கொழுந்து பறிக்கிற எங்கள் சாதிக்கு. ஞானஸ்நானம் மட்டும் ஒரே தண்ணீரில்.

ஒரு ஞாயிறு, மலையிறங்கிப் போய் ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கிய மர நாற்காலியைத் தலையில் சுமந்து வந்தாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எஸ்டேட் ஹெட் கிளார்க்குதான் சபைக் கமிட்டித் தலைவர். அவர் முன்னால் எங்களில் யாரும் உட்கார்ந்ததே இல்லை.

"எந்தாடீ இது, சினிமாக் கொட்டகையா? கீழ இரி."

"முட்டு மடங்க மாட்டேங்கு சாரே. மடக்கினா நிமிராது. சாரு வந்து தூக்கி விடுவியளா?"

பாயில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். திரும்பும் வழியில் கேட்டேன்.

"வீட்டை விட்டு எறக்கினா எங்க போவே அக்கா?"

"கசேரயப் போட்டு ரோட்டுல இருப்பேன். நீ அந்தப் பாயச் சுருட்டிட்டு வா."

கிளார்க்கு லேசுப்பட்டவர் அல்ல. மறுநாள் காலை, முட்டு மடங்காதவள் மலையேற முடியாது என்று சொல்லி வேலைப் பட்டியலில் அவள் பெயரை வெட்டினார். பொய் என்று ஒப்புக்கொண்டு பாய்க்குத் திரும்பட்டும், இல்லை வீட்டைக் காலி செய்யட்டும் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கூடை கட்டி நின்ற நாற்பது பெண்களும் அங்கேயே வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முட்டு வலி.

"எல்லாவளுக்கும் ஒரே நாள்லயா?" என்று கத்தினார் கிளார்க்கு.

"ஒட்டுவாரொட்டி சாரே" என்றாள் அக்கா. "அந்தப் பாய்ல இருந்துதான் வருது."

மருந்தடிக்க வந்த ஆண்களும் உட்கார்ந்தார்கள். நான்தான் கடைசி. வெட்கக்கேடுதான்.

கொழுந்து முற்ற ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அவள் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். மாதம் முடியுமுன் சர்ச்சில் பாயை எடுத்துவிட்டு பின்சுவர் வரை பெஞ்சு போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்த அன்றும் அவள் முட்டைத் தடவிக்கொண்டு முனகினாள், பாவி.

இப்போது எனக்கு நிஜமாகவே முட்டு வலி. ஜெபத்துக்குப் பெஞ்சைப் பிடித்து எழும்பும்போது "அக்கா" என்றுதான் முதலில் வாயில் வருகிறது. "கர்த்தாவே" அதற்கு அப்புறம்தான்.