அம்பயர் அக்காவும் இருபதடி வலையும்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. முதல் கூட்டத்துக்கு நாற்பது நாற்காலி போட்டோம். ஒருவர் வந்தார்.
2. இரண்டாவது கூட்டத்துக்கு இருபது நாற்காலி போட்டோம். அதே ஒருவர் வந்தார்.
3. மூன்றாவது கூட்டத்தில் டீயும் வடையும் உண்டு என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம். பதினான்கு பேர் வந்தார்கள். வடை தீர்ந்த பிறகு அதே ஒருவர் இருந்தார்.
4. நான்காவது கூட்டத்துக்கு நாற்காலியே போடவில்லை. அறுபது பேர் வந்தார்கள். அந்த ஒருவர் கடைசியில் நின்றார்.
5. வலை கட்டினோம்.
6. அந்த ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார்.

அவர்தான் அம்பயர் அக்கா.

சங்கரன்கோவிலில் தீர்ப்புச் சொல்லும் ஆட்கள் இரண்டே வகை. கோர்ட்டில் உட்கார்ந்து சொல்பவர்கள், திடலில் நின்று சொல்லும் அம்பயர் அக்கா. கோர்ட்டுத் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மதுரைக்குப் போய் மாற்றப் பார்க்கலாம். அக்காவின் தீர்ப்பை மாற்ற இந்த உலகத்தில் போக இடம் கிடையாது.

அக்காவின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றும் வேலை. திடலின் மேற்கு ஓரத்தில் நான்கு ஓட்டு வீடுகள் இருக்கின்றன. மூன்றில் குடும்பங்கள். நான்காவதில் அக்கா மட்டும். ஆடுபவர்களில் பள்ளிக்கூடப் பையன்கள் முதல் கல்யாணம் ஆனவர்கள் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். ஒருமுறை ஒருவன் தெரியாமல் "ஆச்சி" என்று கூப்பிட்டுவிட்டான். அடுத்த பந்தில் எல்.பி.டபிள்யூ. பந்து காலில் படவே இல்லை என்று அவன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவரை அம்பயராக யாரும் நியமிக்கவில்லை. ஒரு நாள் பந்து அவர் வீட்டு ஓட்டை உடைத்துக்கொண்டு அடுப்படியில் விழுந்தது. மற்ற வீடுகளில் இப்படி விழுந்த பந்து இரண்டு துண்டாகத் திரும்பி வருவது வழக்கம். அக்கா பந்தை எடுத்துக்கொண்டு நேராகத் திடலுக்கு வந்தார்.

"யாருலே அடிச்சது?"

"நாந்தான்க்கா."

"நீ அவுட்டு."

"சிக்சருக்கா அது!"

"ஓடு ஒடஞ்சிருக்குலே. அவுட்டு. போ அங்கிட்டு."

அன்றிலிருந்து பந்து வேண்டும் என்றால் அம்பயரும் சேர்ந்துதான் வருவார் என்று ஆனது. முதல் மாதம் அவருக்குத் தெரிந்த விதி அது ஒன்றுதான். பிறகு டிவியைப் பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். சைகைகள் அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. தறிச் சத்தத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்குக் கைதானே வாய்.

சைகை திடலோடு நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்ற, பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு இரண்டு கைகளையும் விரித்து 'வைடு' கொடுத்தார். டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். ஒரு கல்யாணத்தில் யார் முதலில் மாலை போட்டது என்று இரண்டு வீட்டாரும் சண்டை போட்டபோது, ரீப்ளே கேட்கும் அம்பயர்போல, காற்றில் விரலால் டிவிப் பெட்டி வரைந்து வீடியோக்காரரைப் பார்த்தார். வீடியோக்காரர் நிஜமாகவே கேமராவைத் திருப்பி ஓட்டிக் காட்டினார். மாப்பிள்ளை வீடு தோற்றது.

ஆனால் ஒரு விதியில் அவர் இரும்பு. யாராவது கேட்டால்தான் தீர்ப்பு. கிரிக்கெட்டில் அப்படித்தான் சட்டம். பந்து போட்ட அணி அப்பீல் செய்யாவிட்டால் அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது. ஒருமுறை செல்போன் கடை முருகேசன் பாதிப் பிட்சில் நிற்கும்போதே ஸ்டம்ப் விழுந்துவிட்டது. எதிரணிக்காரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்ததில் அப்பீல் செய்ய மறந்துபோனார்கள். அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஓவரில் வந்து கேட்டார்கள்.

"அக்கா, அது அவுட்டுதான?"

"அவுட்டுதான்."

"அப்ப ஏன் குடுக்கல?"

"கேட்டியளாலே? கேக்காம குடுக்கதுக்கு இது என்ன கோயில் பொங்கலா?"

இந்தக் கதையை முருகேசன் சொல்லி நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்தேனே தவிர, அதில் எனக்கும் ஏதோ இருக்கிறது என்று தோன்றவில்லை.

நான் அந்த ஊருக்குப் போனது வேலைக்கு. திடலை எல்லோருக்குமானதாக மாற்ற வரைபடம் போடும் நிறுவனத்தில் நான் சிவில் எஞ்சினியர். எல்லோருக்கும் என்றால் பெண்கள், வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், கிரிக்கெட் ஆடாத பிள்ளைகள். வரைபடத்துக்கு முன் ஊர்மக்களைக் கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. என் சொந்த ஊர் வேலூர். சங்கரன்கோவிலில் எனக்கு ஒருவரையும் தெரியாது. வேலை முடிந்தால் மாடி அறை, அறையில் லேப்டாப், லேப்டாப்பில் பட்டியல்கள். 'இன்று பேசியவர்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சில நாள் அதில் பரோட்டாக் கடைக்காரர் மட்டும் இருப்பார்.

ஆகவே முதல் கூட்டத்தில், மண்டபத்தில், நாற்பது நாற்காலிக்கு நடுவில் அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வராத குறை. முழு விளக்கத்தையும் அவர் ஒருவருக்காக, மைக்கில், சொன்னேன். சாய்தளத்துக்குத் தலையாட்டினார். பெண்களுக்கான ஷட்டில் களத்துக்கு இரண்டு கைகளையும் தூக்கி சிக்சர் கொடுத்தார். நகராட்சியிலிருந்து வந்தவர் 'விரைவில்' என்று மூன்றாவது தடவை சொன்னபோது, மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்து 'டெட் பால்', அதாவது இந்தப் பந்து செல்லாது என்று காட்டினார். நகராட்சிக்காரர் அதை வணக்கம் என்று நினைத்துக் கும்பிட்டார்.

பிறகு விளக்கத்தில் மேற்கு ஓரத்துக்கு வந்தேன். மூன்று வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்த புகார் என்னிடம் இருந்தது. பந்து விழுகிறது, ஓடு உடைகிறது. நான்கு வீட்டையும் மறைத்து இருபதடி உயரத்துக்கு நைலான் வலை வரைந்திருந்தேன்.

"அக்கா, இனிமே உங்க வீட்டுல ஒரு பந்து கூட விழாது," என்றேன். பரிசு கொடுக்கும் குரலில்தான் சொன்னேன்.

அக்கா மண்டபத்தின் கூரையைப் பார்த்தார்.

நான் படிவத்தில் எழுதினேன்: ஆட்சேபம், இல்லை.

மூன்றாவது கூட்டத்தின் முடிவில்தான், காலி வடைத் தட்டுகளுக்கு நடுவில், மனம் விட்டுப்போய்க் கேட்டேன். "ஏன்க்கா யாருமே வர மாட்டேங்கறாங்க?"

"இப்பதான கேக்க," என்றார். "பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டா யாருட்டி வருவா? தறி ஓடுத நேரம். பொம்பளைக பாதிப்பேரு பூக்கட்டப் போயிருப்பாளுக. ஆறு மணிக்குத் திடல்லயே வையி. நாற்காலி போடாத. நாற்காலியப் பாத்தா சனங்க கட்சிக் கூட்டம்னு ஓடிருவாங்க."

"நீங்க மட்டும் எப்படி வந்தீங்க?"

"அரை நாள் லீவு. மைக்குல வாங்க வாங்கன்னு கூப்பிட்டாகல்லா. கூப்பிட்டா வரணும்லா."

நான்காவது கூட்டம் திடலிலேயே, மாலை ஆறு மணிக்கு. அறுபது பேர். தறிவேலை முடிந்து வந்த பெண்கள், நான் கனவிலும் நினைக்காதவற்றைச் சொன்னார்கள். "லைட்டு போடு தாயி. இருட்டுனா எங்களுக்குத் திடலே கெடையாது." "கக்கூசுக்கு உள்ள தாழ்ப்பாள் வையி, வெளிய வச்சிராத." சக்கர நாற்காலியில் வந்த தையல்காரர், என் சாய்தளம் முடிகிற இடத்தில் மணல் கிடப்பதைக் காட்டினார். "இங்கன வரைக்கும் வந்துட்டு நான் என்ன நீச்சலா அடிக்க?" எல்லோரும் சிரித்தார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். அன்று 'பேசியவர்கள்' பட்டியல் இரண்டு பக்கம் போனது. அந்த மகிழ்ச்சியில் கடைசியில் நின்ற ஒருவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் வந்து இறங்கிய பொருள் வலை. ஆகவே முதலில் கட்டியதும் வலை. இரும்புக் குழாய் நட்டு, விறைப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல். என் வேலையில் நான் பெருமைப்பட்ட வலை அது.

மறுநாள் அக்கா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. முருகேசனைக் கேட்டேன்.

"பந்து விழுந்தா அக்கா ஏசிக்கிட்டே வரும். இப்பதான் விழலையே. நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டோம். அம்பயரிங்குக்கு செல்லுல வீடியோ எடுத்துக்கிடுதோம்."

பத்தாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மாலை ஐந்தரை. கதவு திறந்திருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் திடல், சத்தம் நன்றாகக் கேட்டது. யாரோ கத்தி அப்பீல் செய்தார்கள். அக்காவின் சுட்டுவிரல் மடியில் இருந்தபடியே லேசாக நிமிர்ந்து, மடங்கியது.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் வரல?"

"பந்து வரலயேட்டி."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார், ஏதோ விதியை விளக்குவதுபோல.

"பந்து விழுந்தா ஒருத்தன் வந்து கதவத் தட்டுவான். நான் ஏசுவேன். அவன் தண்ணி கேப்பான். ஒருத்தன் முட்டியப் பேத்துக்கிட்டு மஞ்சத்தூள் கேப்பான். சோறு என்னக்கான்னு எட்டிப் பாப்பான். அப்புறம் நான் பந்தத் தூக்கிட்டு அவன்கூடப் போவேன். சும்மா கையை வீசிக்கிட்டு எப்படிப் போக? யாரு கூப்பிட்டா?"

"அன்னைக்கு மண்டபத்துல சொல்லியிருக்கலாமேக்கா. வலை வேண்டாம்னு."

"நீ கேட்டியா? பந்து விழாதுன்னு நீயே தீர்ப்பக் குடுத்துட்ட. பெறவு அம்பயரு என்ன சொல்ல?"

என்னிடம் இருந்த படிவத்தில் மொத்தம் முப்பத்திரண்டு கேள்விகள். வலை உங்களுக்கு வேண்டுமா என்பது அதில் இல்லை.

முருகேசனிடம் சொன்னேன். அன்றே ஒரு கூட்டமாகப் போய் அவரைக் கூப்பிட்டார்கள்.

"பந்து எங்கலே?"

"விழலக்கா. சும்மா உங்களக் கூப்பிடத்தான் வந்தோம்."

"பாவம் பாத்துக் கூப்பிட வந்தியளோ? போங்கலே, வேலையப் பாத்துக்கிட்டு."

வலையைக் கழற்ற முடியாது. மற்ற மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டது நியாயம். அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வலையில் அக்கா வீட்டுக்கு நேராக ஒரு சின்னக் கதவு வைக்கலாம் என்று வரைபடத்தைத் திருத்தினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, 'பராமரிப்புக்காக' என்று எழுதினேன்.

அதற்குள் என்னைத் திருவேங்கடத்தில் அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி சங்கரன்கோவில் வருகிறேன். திடலில் நின்று, அக்கா வீட்டில் விழும்படி பந்தை வலைக்கு மேலே எறிகிறேன். பையன்கள் எறிந்தால் மூன்று வீட்டுக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். வலையைக் கட்டியவளிடம் என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருபதடி என்பது வரைபடத்தில் சின்ன எண். கையால் எறிந்தால்தான் அதன் உயரம் தெரிகிறது. முதல் வாரம் ஒன்பது தடவை எறிந்தேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

பந்து உள்ளே விழுந்ததும் தெருவைச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாருலே அது, ஓட்ட ஒடைக்கது?"

"நாந்தான்க்கா. பந்து விழுந்துருச்சு."

"வல இருக்கே. எப்படி வந்துச்சு?"

"அடிச்சேன்க்கா."

"நீயா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அப்பீல் செய்ய அங்கே யாரும் இல்லை. பந்தைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, என்னோடு நடந்தார். நடக்கும்போது, நான் மதியம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். பிரெட் என்றேன். ஒற்றை விரலைத் தூக்கினார்.

இப்போது என்னையும் ஆடச் சொல்கிறார்கள். அக்கா எனக்கு இதுவரை ஐந்து முறை அவுட் கொடுத்திருக்கிறார். ஐந்தும் சரி.

இன்றைய நிலவரம் இது. வலை அப்படியே இருக்கிறது. கதவுக்கான கோப்பு மேலே போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. விளக்குகள் எரிகின்றன, பெண்கள் எட்டு மணி வரை ஷட்டில் ஆடுகிறார்கள், கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. அம்பயர் அக்கா ஞாயிற்றுக்கிழமை மட்டும் திடலுக்கு வருகிறார். இதுவரை நான் ஒரு ஞாயிறும் தவறவில்லை.