கையைத் தூக்கச் சொன்ன அம்மாச்சி

பிள்ளைகளா, பள்ளிக்கூடப் பையோடு அம்மாச்சி வீட்டு வாசலில் நீங்கள் ரெண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? எல்லார் வீட்டு அம்மாச்சியும் அப்படித்தான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் மனுசராய்ப் பிறந்த அத்தனை பேர் மேலும் சந்தேகப்பட்ட ஒரே ஆள் உங்கள் அம்மாச்சிதான். இருக்கன்குடி மாரியம்மன் மட்டும் தப்பித்தாள். அங்கேயும் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களைக் கண்டால், கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, கால் மட்டும் பின்னால் நகரும்.

ஊரில் அவர் பெயர் செக்கிங்கம்மா. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், வேலைக்கு வரும் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புகிற வேலை. தீப்பெட்டி, இரும்புச் சாமான், செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. மற்றவர்களுக்கு அந்த வேலை சாயங்காலம் சங்கு ஊதினால் முடிந்துவிடும். அம்மாச்சிக்கு இடம்தான் மாறும். வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அதன்பிறகு யார் வந்தாலும் சோதனைதான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சட்டைப் பையைக் காட்டிவிட்டுத்தான் சிலிண்டரை இறக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்த என் தங்கை நைலான் சேலை கட்டியிருந்தாள். நைலான் உரசினால் பொறி கிளம்பும் என்று கம்பெனியில் பருத்திதான் உடுத்துவார்கள். அம்மாச்சி ஒரு பருத்திச் சேலையை நீட்டி, இதை மாற்றிக்கொண்டு வந்தால்தான் காப்பி என்று சொல்லிவிட்டார். உங்கள் அத்தை அந்தக் கோபத்தில் இன்றுவரை சேலையைத் திருப்பித் தரவில்லை.

வந்தவர்களிடம் வாங்கி வைக்கிற சாமானெல்லாம் வாசல் சுவர் மேல் இருக்கும். கிளம்பும்போது அவரே எடுத்துக் கொடுப்பார். தீப்பெட்டி என்றால் சொந்தக்காரர் காதுப் பக்கம் ஆட்டிக் காட்டுவார். குச்சி குறையவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்த வீட்டில் தீப்பெட்டி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் அம்மாச்சியின் சுருக்குப்பைக்குள். அவர் பற்ற வைத்தால்தான் அடுப்பு எரியும்.

நான் உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதைக்கு வருகிறேன். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் குடும்பத்தில் மல்லாங்கிணறு பெரியப்பா தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். அவர்தான் தட்டோடு முன்னால் போனார். அம்மாச்சி வாசலை விட்டு நகரவில்லை.

"அண்ணாச்சி, கையத் தூக்குங்க."

"எதுக்குத்தா?"

"மடியில பீடியும் தீப்பெட்டியும் இருக்கு. வாசம் வருது."

பெரியப்பா முகம் கறுத்துப்போனது. "நாங்க பொண்ணு பாக்க வந்தமா, கம்பெனிக்கு வேலைக்கு வந்தமா? எங்களப் பாத்தா களவாணிப் பயலுக மாதிரி தெரியுதா?"

தட்டோடு வண்டியைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஜன்னலில் உங்கள் அம்மாவின் பாதி முகம் தெரிந்தது. 

அம்மாச்சி குரலை உயர்த்தவில்லை. "வெளிய போறவுகள நான் என்னைக்காச்சும் சோதிச்சிருக்கேனான்னு தெருவுல கேட்டுப் பாருங்க, அண்ணாச்சி. களவாண்டா கொண்டுட்டுப் போகட்டும். உள்ள வாறவுகளத்தான் பாக்கேன். உள்ள எம்புள்ள இருக்கா."

உங்கள் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, கம்பெனியில் பக்கத்து அறை வெடித்து அம்மாச்சியின் சிநேகிதி ஒருத்தி இறந்துபோனாள். யாரோ மடியில் கொண்டுவந்த தீப்பெட்டி என்று பேசிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகுதான் அம்மாச்சி வாசல் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வண்டி கிளம்பினால் எல்லாம் போச்சு என்பது மட்டும்தான். முன்னால் போய் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

சட்டைப் பையில் ஒரு சீப்பும் ஒரு திருநீற்றுப் பொட்டலமும் இருந்தன. அம்மாச்சி பொட்டலத்தைப் பிரித்தார். மோந்து பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம்தான் மீதியை நெற்றியில் பூசிக்கொண்டார்.

"வெடிக்குப் போடுற அலுமினியப் பவுடரோன்னு நெனச்சிட்டேன். உள்ள வாங்க, மாப்ள."

மாப்ள என்று சொன்னது காதில் விழுந்தும் எனக்குக் கையை இறக்கத் தோன்றவில்லை. பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துச் சுவர் மேல் வைத்தார்.

"ஏலே, இப்பவே கையத் தூக்கிட்ட. இனி ஆயுசுக்கும் எறக்க முடியாதுலே" என்றார்.

அவர் சொன்னது பலித்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாச்சி என்னை நம்பவில்லை. விருந்துக்குப் போனாலும் கையைத் தூக்கிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தேன்.

அம்மாச்சி இறந்த அன்று பெரியப்பா அழுதுகொண்டே வந்தார். வாசலில் நின்று, யாரும் கேட்காமலே தீப்பெட்டியை எடுத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவர் பெட்டிக்கடை மாதிரி ஆகிவிட்டது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாததால், கிளம்பும்போது எது யாருடையது என்று ஒரு சச்சரவும் நடந்தது. வெளியே போகிறவர்களைச் சோதிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அதனால் அம்மாச்சி தடையில்லாமல் போனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், படத்துக்கு விளக்கேற்றலாம் என்று நான் மட்டும் போனேன். சுருக்குப்பை அவரோடு போய்விட்டதால் வீட்டில் தீப்பெட்டி இருக்காதே என்று கடையில் ஒன்று வாங்கிக்கொண்டேன். பூட்டைத் திறந்தேன். கால் உள்ளே போக மறுத்தது.

தீப்பெட்டியைச் சுவர் மேல் வைத்தேன். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், படத்துக்குப் பூவை வைத்து, விளக்கேற்றாமலே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கதவைப் பூட்டியதும் சுவரிலிருந்த தீப்பெட்டியை எடுத்து என் காதுப் பக்கம் ஆட்டிப் பார்த்தேன். குச்சி ஒன்றும் குறையவில்லை.