மஞ்சள் சக்களத்தி

ஒரு மணிக்கு ஆள் வருகிறான் என்றால், அதற்குள் விமானம் கிளம்பாதபடி ஏதாவது செய்தாக வேண்டும். இப்போதே மணி பத்து. வென்டல் ஹாக்ஸ்ட்ரா சமையலறை ஜன்னலருகே நின்று, உறைந்துபோன ஸ்பூன் ஏரியின் மேல் நின்றிருந்த தன் மஞ்சள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த காப்பி ஆறிப் போயிருந்தது.

அரை மணி முன்னால்தான் அவன் மனைவி மேவிஸ், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து போன் செய்திருந்தாள்.

"வென்டல், ஒரு மணிக்கு டில்மன்னு ஒருத்தர் வர்றார். வாங்கிடுவார்னுதான் தோணுது. எல்லாத்தையும் சுத்திக் காட்டு. கேட்டதுக்கு ஒளிக்காம பதில் சொல்லு. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. மிச்சத்த சாயங்காலம் சொல்றேன்."

யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, போனை வைத்துவிட்டாள். வென்டலுக்கு நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியிருந்தது. சொன்னபடியே செய்துவிட்டாளே, மகராசி.

போன வாரம்தான் சண்டை நடந்தது. அலாஸ்காக் குளிரில் சின்ன விமானம் வைத்திருப்பதும், வீட்டில் பச்சைக் குழந்தை வைத்திருப்பதும் ஒன்றுதான். பறந்துவிட்டு வந்ததும் இன்ஜின் எண்ணெயைச் சூடாறுமுன் கேனில் வடித்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கட்டிலருகே வைக்க வேண்டும். மறுநாள் எண்ணெயைக் காய்ச்சித் திரும்ப ஊற்ற வேண்டும். வென்டல் எண்ணெய்க் கேனை வைத்திருந்த இடம் மேவிஸின் ரொட்டி அடுப்பு. அவள் ரொட்டி மாவோடு வந்து அடுப்பைத் திறந்திருக்கிறாள்.

"இந்த வீட்டுல இனிமே ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்த மஞ்சள் சக்களத்தி இருக்கணும்" என்றாள். "இந்தக் குளிர் முடியறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்றேன், பாரு."

வீடு மேவிஸின் அப்பா கட்டியது, அவள் பெயரில் இருந்தது. விமானம் வென்டல் பெயரில். அவன் கையெழுத்துப் போடாமல் யாரும் அதை விற்க முடியாதுதான். ஆனால் மேவிஸ் பேனாவை நீட்டி, 'போடு' என்று சொன்னால் 'மாட்டேன்' என்று சொல்லும் தைரியம் முப்பது வருஷத்தில் அவனுக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. அதனால் விமானமே தன் லட்சணத்தைக் காட்டிக்கொண்டு, வந்தவனை ஓட வைத்தால்தான் உண்டு.

அதொன்றும் பெரிய வேலை இல்லை என்று வென்டல் கணக்குப் போட்டான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. அந்தக் குளிரில் இன்ஜினைக் கிளப்புவதற்குத்தான் வித்தை வேண்டும். கிளப்பாமல் இருக்கச் சும்மா இருந்தாலே போதும். ஏரிக்கு இறங்கிப் போய், காலையில் பழக்கதோஷத்தில் மூட்டி வைத்திருந்த சூடேற்றியை அணைத்தான். இன்ஜின் மேலிருந்த கனத்த போர்வையை உருவினான். வீட்டு அடுப்பிலிருந்து கையோடு கொண்டுவந்த எண்ணெய்க் கேனைப் பனியில் வைத்தான். தூங்குகிற பிள்ளையின் போர்வையைப் பிடுங்கினவன் மாதிரி அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சூப்பைச் சுட வைத்துக் குடித்துவிட்டு, நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தான்.

பதினொன்றரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால், விமானத்தின் மூக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஏரியின் எதிர்க்கரையில் வசிக்கும் ஐனோ, தன்னுடைய சூடேற்றியையே கொண்டுவந்து இன்ஜினுக்கு அடியில் எரியவிட்டு, தன் வீட்டுப் போர்வையைப் போர்த்திவிட்டு, மேலே நாலு கயிறும் கட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்பூன் ஏரியில் அப்படி ஒரு வழக்கம். போர்வையில்லாமல் ஒரு விமானம் நின்றால், உடைமைக்காரனுக்கு உடம்பு சரியில்லை, அல்லது குடித்துவிட்டுக் கிடக்கிறான், அல்லது செத்துப் போனான் என்று அர்த்தம். மூன்றில் எதுவானாலும் முதலில் விமானத்தைப் போர்த்திவிட்டு, அப்புறம்தான் போய்க் கதவைத் தட்டுவார்கள்.

"நல்லாத்தானே இருக்கே?" என்று ஐனோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அப்புறம் ஏம்ப்பா இதை இப்படி அம்மணமா விட்டே? எண்ணெயும் பனியில கெடந்தது. உன் வீட்டு அடுப்புலதான் கொண்டுபோய் வெச்சேன். நீ சூப்புக் குடிச்சிட்டு நாற்காலியில தூங்கிட்டிருந்தே, தொந்தரவு பண்ணலே."

உண்மையை ஐனோவிடம் சொல்ல வழியில்லை. அவன் காதில் விழுந்தது அவன் மனைவிக்குப் போகும், அவளிடமிருந்து கால்மணி நேரத்தில் மேவிஸுக்குப் போகும். மறந்துவிட்டேன் என்று வென்டல் வழிந்தான். வயசாகிறதல்லவா என்று ஐனோ தேற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான்.

சூடேற்றியை மறுபடி அணைத்தால் எதிர்க்கரையிலிருந்து தெரிந்துவிடும். வேறு வழி யோசித்தான் வென்டல். இன்ஜின் ஓடினால் ஓடட்டும், விமானம் நகராவிட்டால் சரிதானே? குளிர்காலத்தில் மிதவைகளுக்குப் பதிலாக விமானத்துக்குச் சறுக்குக் கட்டைகள் பூட்டியிருக்கும். மீன் பிடிக்கப் போட்ட பனித் துளையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கட்டைகளைச் சுற்றி ஊற்றினான். எட்டு வாளி. பத்தே நிமிஷத்தில் சிமெண்டுபோல் இறுகிவிட்டது. உதைத்துப் பார்த்தான். அவன் கால்தான் வலித்தது. பரம திருப்தி.

திரும்பி வந்த ஐனோ கட்டைகளைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தான்.

"அடப்பாவமே, ஏரித் தண்ணி மேல ஏறிடுச்சே."

பனிப் பாரம் தாங்காமல் ஏரியின் விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வருவது உண்டு. வந்தால் ஒரு விமானத்தோடு நிற்காது. ஐனோ தன் பனிவண்டியிலிருந்த ரேடியோவில் ஒரு வார்த்தைதான் சொன்னான். அடுத்த கால்மணியில் அக்கம்பக்கத்துக்காரர்கள் மூன்று பேர் கடப்பாரையும் கயிறுமாக வந்து இறங்கிவிட்டார்கள். இவ்வளவு சிரமம் எதற்கு, பனி உருகும் வரை நிற்கட்டுமே என்று வென்டல் சொல்லிப் பார்த்தான். அதிர்ச்சியில் பேசுகிறான் என்று அவர்கள் அவனை ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். கட்டைகளைப் பெயர்த்து எடுத்ததோடு விடவில்லை. வந்ததே வந்தோம் என்று அடிப்பக்கத்தைச் சுரண்டி, மெழுகும் தேய்த்துவிட்டார்கள். இறக்கையில் படிந்திருந்த உறைபனியைக் கயிறு போட்டு இழுத்துச் சுத்தமாகத் துடைத்தார்கள். போகிற போக்கில் சூடான எண்ணெயையும் ஊற்றி, பேட்டரியையும் மாட்டிவிட்டார்கள்.

நாலு குளிர்காலமாக மூன்று தடவை முக்காமல் கிளம்பியதே இல்லை அந்த இன்ஜின். சாவியை ஐனோ திருப்பியதுதான் தாமதம், பூனை மாதிரி உறுமிக்கொண்டு எழுந்தது. சரியாக அப்போதுதான் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

டில்மன் அரிசோனாவில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் அடுத்தவர் வாயைத் திறந்து பார்த்தே பழகியதால் தன் வாயைத் திறக்கிற பழக்கம் விட்டுப் போயிருந்தது. புதிதாக வாங்கிய மேலங்கிக்குள் பாதி மறைந்திருந்தார். கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்.

சதிவேலை செய்த கை தோற்றால் என்ன, நாக்கு இருக்கிறதே என்று துணிந்தான் வென்டல். எல்லாவற்றையும் காட்டு என்றுதானே மேவிஸ் சொன்னாள்? காட்டிவிடுவோம். டில்மனை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போனான். விமானம் வைத்திருக்கிறவன் வீடு எந்தக் கதிக்கு வரும் என்று கண்ணால் பார்த்தால் எவனும் பயப்படுவான் அல்லவா? அடுப்பைத் திறந்து காட்டினான். எண்ணெய் நாற்றம் திரைச்சீலையிலும் தலையணையிலும் ஏறிவிட்டது, எதைப் போட்டும் போகாது என்றான். கட்டிலருகே பேட்டரி தரையை அரித்த இடத்தைக் காட்டினான். குளியலறையில் இறக்கை உறைகள் காய்ந்து காய்ந்து சுவரெல்லாம் பூஞ்சை பிடித்ததைக் காட்டினான். அதில் பாதி பூஞ்சை வெறும் நிழல்தான். டில்மன் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"குளிர்காலம் பூரா இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இது பரவாயில்லைங்க. ஜனவரியில வந்து பாருங்க" என்றான் வென்டல்.

வேலை நடக்கிறது, ஆள் முகம் சுண்டுகிறது என்று அவன் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தபோது, ஐனோ வாசலில் தலையை நீட்டினான். இன்ஜின் சூடாக ஓடுகிறது, விருந்தாளியை ஒரு சுற்றுக் கூட்டிப் போய்க் காட்டேன் என்றான். டில்மன் முதல் தடவையாக நோட்டை மூடினார்.

"நெஜமாவா? இந்த மாதிரிக் குட்டி விமானத்துல நான் போனதே இல்ல."

வந்தவர் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி, உயரத்தில் வைத்து நாலு குலுக்குக் குலுக்கினால் ஆள் அலறிவிடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வென்டல் ஏறினான்.

அங்கேதான் அவனுடைய திட்டம் மொத்தமும் பாழாய்ப் போனது. குளிர்காலத்துக் காற்று கெட்டியானது. இறக்கைக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கிவிடும். கோடையில் முக்கி முனகி ஏரி முழுக்க ஓடுகிற விமானம், அன்றைக்கு மெழுகு தேய்த்த கட்டைகளில் வழுக்கிக்கொண்டு போய் எப்போது தரையை விட்டது என்றே தெரியவில்லை. மேலே ஒரு சலனமில்லை. குலுக்கலாம் என்றால் கை வரவில்லை. தாழ்ந்த சூரியன் மலைகளை ரோஜா நிறமாக்கி வைத்திருந்தது. வீடுகளின் புகை நூல் பிடித்தாற்போல் நேராக ஏறிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் ஒரு காட்டுமான் குட்டியோடு நடந்து போனது. வென்டலுக்கு டில்மனும் மறந்து போனார், மேவிஸும் மறந்து போனாள். இறக்கையைச் சாய்த்து மானைக் காட்டினான், ஆற்றின் வளைவைக் காட்டினான், தன்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

இதை எப்படிக் கொடுப்பேன் என்று நினைத்ததும் பாட்டைப் பாதியில் விட்டான்.

"அது உங்க வீடுதானே? அதை ஒரு தடவை சுத்த முடியுமா?" என்று டில்மன் கேட்டார்.

அந்தக் கேள்வியில் வென்டலுக்குச் சுயநினைவு வந்தது. வீட்டைச் சுற்றி மூன்று வட்டம் அடித்தான், அடித்துக்கொண்டே மிச்சமிருந்த விஷத்தையெல்லாம் கக்கினான். விமானத்தோடு மல்லுக்கட்டவே நேரம் போய்விடுகிறது, வீட்டை எங்கே பார்ப்பது என்று ஆரம்பித்தான். அந்தக் கூரையில் வாராவாரம் ஏறிப் பனியைத் தள்ளாவிட்டால் ஒழுகும். தண்ணீர்க் குழாய் டிசம்பரில் உறைந்தால் ஏப்ரலில்தான் பேசும். வடக்குச் சுவரைப் பெருச்சாளி குடைந்துவிட்டது. பெருச்சாளி அவன் அந்த நிமிஷம் உண்டாக்கியது. கோடையில் கொசு வந்து ஆளைத் தூக்கும் என்றான். மேவிஸுக்கு மூட்டுவலி வந்ததே இந்த வீட்டின் ஈரத்தால்தான் என்று ஒரு போடு போட்டான். டில்மன் குளிர்ந்த விரல்களால் அத்தனையையும் எழுதிக்கொண்டார்.

தரையிறங்கியதும் டில்மன் வென்டலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"எனக்கு எழுபது வயசு. இப்படி ஒரு மத்தியானம் எனக்குக் கெடச்சதே இல்ல" என்றார்.

தீர்ந்தது கதை என்று நினைத்தான் வென்டல். தன் கையாலேயே விற்றுவிட்டோம். அந்தக் குலுக்கலையாவது குலுக்கியிருக்கலாம். விமானத்தின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றான்.

"ஆனா மன்னிச்சுக்கணும்" என்று டில்மன் தயங்கினார். "நல்லா யோசிச்சுட்டேன். நான் வாங்கறதா இல்ல."

வென்டலுக்குக் காது அடைத்துத் திறந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பரவாயில்லை, பரவாயில்லை என்று முதுகில் தட்டினான். ஐனோவையும் கட்டிப்பிடித்தான். ஐனோவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கட்டிக்கொண்டான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும், மான்கறி வறுத்துத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஏற்றிக்கொண்டு பறக்கிறேன் என்று வென்டல் பேசிக்கொண்டே போனான்.

டில்மன் நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க மனைவிய நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு, விமானத்த உள்ள விட்டுச் சூடா வெச்சுக்கற மாதிரி கொட்டகையோட ஒரு வீட்ட உங்களுக்காகப் பேசி வெச்சிருக்காங்க, அதுக்கு முதல்ல இந்த வீடு விக்கணும், நீங்க இவ்வளவு சொன்னதுக்கப்புறம் இதை எவன் வாங்குவான்?"