மாகறல் லைனும் மிளகாயும்

காஞ்சிபுரத்தில் மிளகாயிடம் திட்டு வாங்காதவர் ஒருவர் இருந்தால், அவர் வீட்டில் டெலிபோன் இல்லை என்று அர்த்தம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மிளகாய் சீனியர் ஆபரேட்டர், நான் ஜூனியர். அவருடைய நிஜப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் காதில் விழும். மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் கேட்ட பட்டுக்கடை முதலாளி, என்ன ஆயிற்று என்று இன்னொரு தரம் கேட்டால் போதும். "ஏன்பா, கல்யாணப் பொடவைய ஒரே நாள்ல நெய்ஞ்சி குடுப்பியா நீ? ஒக்காரு" என்பார். முதலாளியும் உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஊருக்குள் டயல் வைத்த போன். மாகறல், திருப்புட்குழி மாதிரி கிராமங்களில் பழைய, கைப்பிடி சுற்றும் போன்தான். சுற்றினால் மெஷினுக்குப் புரியாது. புதிதாக வந்த இன்ஜினீயர் சுலபமாகச் சொன்னார்: "அந்த லைனையெல்லாம் கட் பண்ணிடுங்க. புது போன் வரும்போது பாத்துக்கலாம்." எப்போது வரும் என்று கேட்டால் ஃபைலைப் புரட்டினார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் மனைவி நிறைமாதமாக மாகறலில் தாய்வீட்டில் இருந்தாள்.

"கிராமத்துக்காரன் உயிரு என்னா இளப்பமா?" என்று மிளகாய் பாய்ந்தார். ஆபரேட்டர் கையால் லைன் இணைக்கிற பழைய போர்டு ஒன்றை மெஷின் பக்கத்திலேயே போட்டு, இரண்டுக்கும் ஒயர் இழுத்து, ஒரு டயலையும் மாட்டினார். கிராமத்தில் சுற்றினால் இவர் எடுப்பார். இவர் டயல் செய்தால் மெஷின் கேட்கும். இன்ஜினீயர் கழற்றச் சொன்னபோதெல்லாம், "மொதல்ல என்னைக் கழட்டு" என்று நாற்காலியை விட்டு எழவே மாட்டார். சாப்பாடும் அங்கேயே. மோர்சாதம் சிந்திப் போர்டு முழுக்க எறும்பு.

ஒரு மத்தியானம் மாகறல் போஸ்ட்மாஸ்டர் சுற்றினார். என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்த லேடி டாக்டருக்கு மிளகாய் டயல் செய்தார். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. நான் சைக்கிளை எடுக்க ஓடினேன்.

"நில்லு. நீ மிதிச்சிக்கினு போய் சேர்றதுக்குள்ள கொழந்த பள்ளிக்கூடம் போயிடும்பா."

டாக்டர் லைனும் பழைய போர்டில் இருந்திருந்தால், பேச்சின் நடுவில் புகுந்து போனை வைக்கச் சொல்லியிருப்பார். மெஷினில் புக வழியில்லை. விறுவிறுவென்று போய் அதன் ஃப்யூஸைப் பிடுங்கினார். ஊர் மொத்தமும் பேச்சு நின்றது. செத்த போனை எல்லாரும் கீழே வைக்கிற நேரம் விட்டு, திரும்பச் சொருகி டயல் செய்தார். டாக்டர் எடுத்தார். "போற வழியில இவனையும் ஏத்திக்கினு போ தாயி" என்றார் மிளகாய்.

"எவன்யா ஃப்யூஸைப் பிடுங்கினது?" என்று இன்ஜினீயர் ஓடிவந்தார்.

"நான்தான். உன் மெஷினுக்குக் காது இல்ல. எனக்கு இருக்குது."

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மிளகாய்க்கு மெமோவும், தூரத்து ஊருக்கு மாற்றலும். பாவி இன்ஜினீயர், மூட்டை கட்டக்கூட அவகாசம் தரவில்லை. அந்தப் போர்டில் கைவைக்க மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அதில் என்னை உட்காரவைத்தார்கள்.

கிளம்புகிற அன்று, நான் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தபோது, மிளகாய் மாகறலுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக என்னைத்தான் திட்டினார். "கொசு மொய்க்குது. கண்ணு அவிஞ்சா போச்சி உனக்கு?" தோளிலிருந்த துண்டை எடுத்து, பஸ் வரும்வரை குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

"உக்காருங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீயா? உன்னப் பாத்துக்கவே ஒரு ஆளு வேணும்பா."

அந்த ஆள் பஸ் ஏறிப் போனபோது, நான் குழந்தையை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.