ஜன்னலோர சீட்டும் ஜீரோ டிஸ்ப்ளேஸ்மென்ட்டும்

கோலார் தங்கவயல், அதாவது கேஜிஎஃப்காரர்களுக்கு ரயிலில் சீட்டு கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் புத்தி வேலை செய்யாது. பி.எட். முடித்த எனக்கும் செய்யவில்லை.

பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். தலைப்பு, தூரமும் இடப்பெயர்ச்சியும். தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து அப்பா பெங்களூரில் செக்யூரிட்டி. தினமும் போய் வந்தே ஓய்ந்துவிட்டார். எனக்கு வேலை கிடைத்தால் அவர் வீட்டில் உட்காரலாம். அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரும் கூட வந்தார்.

கேஜிஎஃப்பில் எங்கள் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் ஒரு வழக்கம். பெங்களூர் ரயில் அடுத்த ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் கிளம்பும்போதே நிரம்பிவிடும். அதனால் அது காலியாக மாரிகுப்பத்துக்குப் போகும்போதே ஏறி, சீட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர் வழியாகவே திரும்பி வருவோம்.

அன்றும் ஏறினோம். ஜன்னலோரமே கிடைத்தது. (இன்டர்வியூவுக்காக நான் பட்டுப்புடவை வேறு!) மாரிகுப்பத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. விவரமானவர்கள் இறங்கி, பங்காருபேட்டை ஜங்ஷனில் வேறு ரயிலைப் பிடிக்க ஷேர் ஆட்டோவில் ஓடினார்கள்.

"இன்னாமா, நாமளும் எறங்கிடலாமா?" என்றார் அப்பா.

"எறங்கினா சீட்டு போயிடும்பா."

பெட்டியே காலி. யார் வந்து பிடுங்கப் போகிறார்கள்? சனியன், அது தோன்றவேயில்லை. அப்பாவும் தலையாட்டினார். (அவரும் கேஜிஎஃப்தானே!) ஒருவழியாக ரயில் நகர்ந்து சாம்பியனுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நாங்கள் இந்நேரம் பெங்களூரில் இருப்போம் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தாளாம்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் வகுப்பெடுத்து முடித்திருந்தார்கள். பிரின்சிபல் அம்மா இரக்கப்பட்டு ஐந்து நிமிடம் கொடுத்தார். படித்து வைத்ததெல்லாம் பதற்றத்தில் மறந்துபோக, காலையில் பட்ட பாட்டையே பாடமாக்கினேன். மாரிகுப்பம் போய்த் திரும்பியதில் ரயில் ஓடியதெல்லாம் தூரம். கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் இருக்கிறோம் என்பது இடப்பெயர்ச்சி, அதாவது டிஸ்ப்ளேஸ்மென்ட். மறுபடி சாம்பியனிலேயே நின்ற எனக்கு அது பூஜ்யம். ரயில் ஓடும்போது வேகம் இருந்தது. ஆனால் போய் வந்ததை மொத்தமாகப் பார்த்தால் என் சராசரித் திசைவேகமும் பூஜ்யம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னார்கள். வேலை நமக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பிரின்சிபலும் சிரித்தார். "ரொம்ப அழகா சொல்லிக் குடுத்தீங்க. ஆனா எங்களுக்கு ஃபர்ஸ்ட் பீரியட் எட்டு மணிக்கு. தினமும் அந்த ரயில்லதானே வருவீங்க?"

அவ்வளவு நல்ல உதாரணத்தை எவன் சொல்லச் சொன்னான்?

கேட்டுக்கு வெளியே நின்ற அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி, நீ பாத்து வூட்டுக்குப் போமா. நான் டூட்டிக்குப் போறேன்" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். அப்பா இன்னும் போய் வருகிறார். வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது, டியூஷன் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி, "டிஸ்ப்ளேஸ்மென்ட் ஜீரோ" என்பார். அம்மா சிரிப்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, மறுநாளைக்கு அவர் யூனிஃபார்மை இஸ்திரி போட எடுப்பேன்.